செம்பனைக் காட்டுக்குள் ஓடும் பந்து: ஸ்லைஸைத் திருத்தப்போய் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் பட்டணத்துக் கோல்ப் கிளப்பில் 9 குழிகள்தான். அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரைமார் தங்களுக்காக வெட்டிக்கொண்ட திடல். நான்காம் குழிக்கு வலப்பக்கம் முழுக்கச் செம்பனை. வெள்ளைக் கம்பைத் தாண்டினால் எல்லைக்கு வெளியே. ஓர் அடி அபராதம், நின்ற இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். ஞாயிறு மத்தியானம் தோட்டத்துப் பையன் ஒருவன் ஐஸ்கிரீம் டப்பா நிறையப் பந்தோடு வருவான். மூன்று பந்து ஐந்து வெள்ளி. நானே மையால் புள்ளி வைத்த பந்தை நானே இரண்டு தடவை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

வலக்கைக்காரர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவதுதான் ஸ்லைஸ். இடக்கைக்காரர்கள் இனி வருவதைத் திருப்பிப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

பந்து வலப்பக்கம் போகிறதே என்று எல்லாரும் முதலில் செய்வது, இடப்பக்கம் திரும்பி நிற்பது. நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் நின்றேன். அப்படி நின்றால் தோள் இடப்பக்கம் திறந்துகொள்ளும்; பந்தை அடிக்கும் கட்டை வெளியிலிருந்து உள்ளே, பந்தைக் குறுக்கே சீவிக்கொண்டு வரும். வளைவு இன்னும் பெரிதாகும். உடனே இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்புவோம். எங்கள் கிளப்பில் பழைய கேடி, அதாவது ஆட்டக்காரரின் கட்டைப் பையைச் சுமப்பவர், ஒருவர் இருக்கிறார். துரைமார் பையைச் சுமந்து ஆரம்பித்தவர். அவர் என்னைப் பார்த்துச் சொன்னது: “தம்பி, காட்டப் பார்த்துப் பயந்து பயந்துதான் அங்கயே அனுப்புற.”

பந்து ஏன் வளைகிறது என்பதைத் திடலில் பந்து உதைத்து வளர்ந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். வலது காலின் வெளிப்புறத்தால் பந்தைச் சீவி உதைத்தால் அது சுழன்றுகொண்டே வலப்பக்கம் வளையும். கால் போகும் தடம் ஒன்று, பந்தில் படும் பக்கம் வேறு. கோல்ப்பிலும் அதே கதை. கட்டை போகும் தடத்தைவிட அதன் முகம், அதாவது பந்தில் படும் தட்டையான பக்கம், வலப்பக்கம் திறந்திருந்தால் பந்தின் சுழற்சி சாய்ந்துவிடும், காற்றில் வலப்பக்கம் இழுக்கும். கட்டையும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு வினாடியில் 2000-இல் ஒரு பங்கு. ‘படும்போது மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம்’ என்று கனவு காண வேண்டாம்.

இங்கே ஒரு பழைய தப்புப் பாடம் உண்டு. பந்து கட்டையின் தடத்தில் கிளம்பி, பிறகு முகம் பார்த்த பக்கம் வளையும் என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். ரேடார் கருவிகள் வந்த பிறகு அது தலைகீழ் என்று தெளிவாகிவிட்டது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம். தூரம் அடிக்கும் நீளக் கட்டையான டிரைவரில் முக்கால் பங்குக்கும் மேல். அதனால் பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பதைவிட, எந்தப் பக்கம் கிளம்பியது என்று பாருங்கள். இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், குறுக்கே சீவுகிறீர்கள். வலப்பக்கமே கிளம்பி மேலும் வலப்பக்கம் வளைந்தால், முகம் நன்றாகவே திறந்திருக்கிறது. வலப்பக்கம் கிளம்பி வளையாமல் நேரே போனால் அது ஸ்லைஸே இல்லை. அதற்கு இந்த மருந்து வேண்டாம்.

மருந்து பெரும்பாலும் பிடியில் இருக்கிறது. கட்டையை இடது உள்ளங்கையில் வைத்துப் பொத்திப் பிடிக்கிறோம். அது விரல்களில் படிய வேண்டும். பிடித்தபின் மேலிருந்து பார்த்தால் இடது கையில் இரண்டு, மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் முகம் திறந்தே வரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் மடிப்பு வலது தோளைப் பார்க்கட்டும். புதுப் பிடி ஒரு மாதத்துக்குக் கை மாறிப்போன மாதிரி இருக்கும். ‘வசதியாக இல்லை’ என்று பழையதற்கே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். வசதியாக இருந்த பிடிதானே பந்தைக் காட்டுக்கு அனுப்பியது?

இன்னொன்று இறுக்கம். நம் ஊர் வெயிலில் கை வியர்க்கும், வழுக்கும், உடனே கழுத்தை நெரிப்பது போலப் பிடிப்போம். கை இறுகினால் முகம் திரும்பி மூடாது. என் அப்பா பால்மரம் சீவி ரப்பர்ப் பால் எடுத்தவர். கத்தியை முரட்டுத்தனமாகப் பிடித்தால் பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் விழும் என்பார். ஒரு துண்டும் மாற்றுக் கையுறையும் பையில் வையுங்கள், அது போதும்.

பிடி சரியான பிறகும் குறுக்கே சீவுகிறீர்கள் என்றால், டிரைவரின் துணி உறையைப் பந்துக்கு வெளிப்புறம், ஒரு சாண் தள்ளி, சற்றுப் பின்னால் வையுங்கள். உறையைத் தட்டாமல் பந்தை அடிக்க வேண்டும். பந்தை எங்கே வைக்கிறீர்கள் என்றும் பாருங்கள். டிரைவருக்கு இடது குதிகாலுக்கு நேரே இருந்தால் போதும். அதைவிட முன்னே போனால் எட்டிப் பிடிக்கத் தோள் தானாகத் திறக்கும்.

முகத்தில் பந்து எங்கே படுகிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. டிரைவரின் முகத்தில் டால்கம் பவுடர் லேசாகத் தடவி அடியுங்கள், தடம் தெரியும். தண்டுப் பக்கம் படிந்திருந்தால், தடமும் முகமும் சரியாக இருந்தும் பந்து வலப்பக்கம் வளையும். அடிபட்ட வேகத்தில் கட்டையின் தலை ஒரு பக்கம் திருக, பந்து எதிர்ப்பக்கம் சுழல்வதால் வருவது அது. அரை அங்குலம் தள்ளி நில்லுங்கள். பிடியை மாற்றிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

புது டிரைவர் வாங்குவது பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, நானும் வாங்கியவன். முகச் சாய்வு குறைந்த கட்டையில்தான் பக்க வளைவு அதிகம் தெரியும். 9 பாகை டிரைவர் காட்டிக்கொடுக்கும் குற்றத்தை, முகம் நன்றாகச் சாய்ந்த குட்டைக் கட்டையான வெட்ஜ் மறைத்துவிடும். ‘அயர்ன் (டிரைவரைவிடச் சாய்வு கூடிய இரும்புக் கட்டை) நேராகப் போகிறது, டிரைவர்தான் கோளாறு’ என்பது பாதி உண்மை. சாய்வு கூடிய டிரைவர் கொஞ்சம் உதவும், பிடியைத் திருத்தாது.

‘தலையைத் தூக்காதே’ என்று பக்கத்தில் நின்று சொல்கிறவரிடம் சரி அண்ணே என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

திருந்தத் தொடங்கும்போது பந்து சில நாள் இடப்பக்கம் போகும். எனக்கு மூன்று வாரம் போனது. பழைய பழக்கத்தில் இடப்பக்கம் பார்த்தே நிற்கிறோம், பந்து வளைய மறுக்கிறது, அதுதான் காரணம். அந்த நேரத்தில் பிடியைத் தொடாதீர்கள், கால்களை மட்டும் நேரே திருப்பி வையுங்கள். நான்காம் குழிக்கு இடப்பக்கம் வெறும் புல்தான். அங்கே விழுந்த பந்தை யாரும் நமக்கே விற்க வருவதில்லை.