எலி ஓட்டையை அடைக்கும்போது செய்யக் கூடாதவை

போன ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு தம்பி காலையிலிருந்து சிமெண்ட் சட்டியும் கரண்டியுமாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சாயங்காலம் என்னைப் பார்த்ததும், "அண்ணே, ஒரு ஓட்டை பாக்கி இல்லாம எல்லாத்தையும் அடைச்சிட்டேன்" என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"சரி தம்பி, எலி இப்ப எங்க இருக்கு?"

"வெளிய போயிருக்கும்ல?"

பட்டப்பகலில் எலி வெளியே போகாது. இதே தவறை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன் என்பதால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் பதினெட்டு வருஷமாகப் பழைய வீடுகளில் ரிப்பேர் வேலை பார்க்கிறேன். சம்பா அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடியதும் எலி ஊருக்குள் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைக்குள் தண்ணீர் ஏறினாலும் வரும். இந்த இரண்டு பருவத்திலும் ஓட்டை அடைக்கச் சொல்லி ஆள் வந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டை மூடி வைப்பது, அரிசி மூட்டையைத் தரையில் போடாமல் இருப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிட்டு, தெரிந்தவர்களும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எலி உள்ளே இருக்கும்போதே அடைப்பது

எலி ராத்திரியில் நடமாடும், பகலில் படுத்துக் கிடக்கும். நாம் கலவை போடுவதோ பகலில். அதாவது, எலி வீட்டுக்குள் கூடு கட்டியிருந்தால், நாம் அடைக்கும் நேரத்தில் அது பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். அடைத்து முடித்ததும் வீடே அதற்கு ஒரு கூண்டாகிவிடுகிறது. தண்ணீருக்கும் தீனிக்கும் வழியில்லாத எலி சும்மா இருக்காது. கதவின் அடி மூலையைக் கடிக்கும், ஃபிரிட்ஜ் ஒயரைக் கடிக்கும், பிளாஸ்டிக் குழாயைக் கடிக்கும். அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. கடிப்பது அதற்கு ஒரு வேலையே இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த மூன்றாவது வருஷம், ஓட்டு வீடு ஒன்று. சமையலறையில் சிங்க் தண்ணீர் போகும் குழாயைச் சுற்றி ஒரு கை நுழையும் ஓட்டை. வீட்டில் வளைகாப்பு வைத்திருந்தார்கள், ஒரு வாரத்துக்குள் முடித்துத் தரச் சொன்னார்கள். நான் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய், பார்த்த ஓட்டையை எல்லாம் அடைத்துப் பூச்சும் பூசி, கூலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தாய் எலி பரணில் குட்டி போட்டிருந்தது எனக்குத் தெரியாது. பரணில் ஏறிப் பார்க்கவே இல்லை.

இரண்டாம் நாள் ராத்திரி அது பின்கதவின் அடியைக் கடித்து வழி போட்டுக்கொண்டு போய்விட்டது. அதன்பின் திரும்பி வந்ததா இல்லையா, தெரியாது. குட்டிகள் பரணிலேயே செத்துப்போயின. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பரணில் முப்பது வருஷத்துச் சாமான்: பித்தளைக் குடம், பழைய மெத்தை, பாய்ச்சுருள். விசேஷத்துக்கு முந்தின நாள் நீலநிற ஈக்கள் மொய்க்க ஆரம்பித்த இடத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். மெத்தைக்கு உள்ளே ஏழு குட்டிகள். விசேஷத்தை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். கதவுக்கும் மெத்தைக்கும் நான் என் கையிலிருந்து ஏழாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீங்க பாத்துச் செஞ்சிருக்கலாம் தம்பி" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் யாராவது "அடைச்சிட்டேன்" என்று சொன்னால் எனக்கு அந்தப் பரண்தான் கண்ணில் வருகிறது.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? எலி அதிகம் பயன்படுத்தும் வழியை முதலில் கண்டுபிடியுங்கள். ஓட்டையின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு போலக் கறுப்பாக இருக்கும். எலியின் உடம்பு திரும்பத் திரும்ப உரசியதால் வந்த அழுக்கு அது. சந்தேகமாக இருந்தால் படுக்கப் போகும் முன் அங்கே கோலப்பொடியை மெல்லிசாகத் தூவி வையுங்கள். கல்மாவாக இருக்கட்டும், அரிசி மாவு என்றால் தின்றுவிடும். காலையில் காலடித் தடமும் வால் இழுத்த கோடும் தெரியும்.

அந்த ஒரு வழியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். அப்புறம் வீட்டுக்குள் கூண்டுப் பொறி வையுங்கள். சுட்ட தேங்காய்ச் சில்லு, மசால்வடை, கருவாடு எது வைத்தாலும் சரி. சுவரை ஒட்டி வைக்க வேண்டும், ஏனென்றால் எலி நடுக்கூடத்தில் நடக்காது. முதல் இரண்டு நாள் பொறியைத் தொடாமல்கூடப் போகும். புதிதாக எது வந்தாலும் பெரிய எலிக்குச் சந்தேகம். பொறியை எடுத்துவிடாதீர்கள்.

எலி விழுவது நின்றதும், விட்டுவைத்த ஓட்டையில் செய்தித்தாளை உருண்டையாகக் கசக்கித் திணியுங்கள். காலையில் உருண்டை வெளிப்பக்கம் விழுந்து கிடந்தால் எலி இன்னும் உள்ளே இருக்கிறது. உள்பக்கம் கிடந்தால் வெளியிலிருந்து வந்திருக்கிறது. எப்படியானாலும் பொறி மறுபடி வேலை செய்ய வேண்டும். மூன்று ராத்திரி உருண்டை அசையாமல் இருந்தால் மட்டும் கலவையைக் குழையுங்கள். பரண், மெத்தை அடுக்கு, பழைய பீரோவின் அடி எல்லாவற்றையும் அதற்குமுன் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள். எலி கருத்தரித்து மூன்று வாரத்தில் குட்டி போடும். குட்டி தாயைவிட்டுப் பிரிந்து தானே இரை தேட இன்னும் மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை தாயை வெளியே தள்ளி அடைத்தால் அந்த நாற்றம் நிச்சயம்.

இதற்குள்ளேயே வரும் இன்னொரு தவறு, விஷம் வைத்துவிட்டு அடைப்பது. "இதைத் தின்னா தண்ணி தேடி வெளிய போய்ச் செத்துரும்" என்று கடையில் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. ரத்தம் உறையாமல் செய்யும் கேக் மருந்தைத் தின்ற எலி சாக மூன்று நாளுக்கு மேல் ஆகும். உடம்புக்கு முடியாமல் போனதும் அது ஒதுங்குவது தன் கூட்டில்தான். நீங்கள் வெளிவழியையும் மூடிவிட்டால் சுவர் இடுக்குக்குள் சாகும், சுவரை உடைக்காமல் எடுக்க முடியாது. மஞ்சள் பாஸ்பரஸ் பசை மருந்தைப் பற்றி ஒன்றே ஒன்று: அதற்கு மாற்று மருந்து கிடையாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைக் கொண்டுவரவே கூடாது.

பெரிய ஓட்டையை மட்டும் தேடுவது

பென்சில் நுழையும் இடைவெளி, அதாவது சுமார் 6 மில்லிமீட்டர், சுண்டெலிக்குப் போதும். சுண்டுவிரல் நுழையும் அளவு, 12 மில்லிமீட்டர் இருந்தால் பெரிய எலியே உடம்பை நசுக்கிக்கொண்டு வந்துவிடும். தலை நுழைந்துவிட்டால் மற்றது நுழைந்துவிடும். பகலில் அறையை இருட்டாக்கிவிட்டு உள்ளே நின்று பாருங்கள். கதவுக்கு அடியில், ஜன்னல் சட்டத்தில், ஏ.சி. குழாயைச் சுற்றி எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் வேலை இருக்கிறது.

வெறும் சிமெண்டை அப்பிவிட்டுப் போவது

ஈரக் கலவையை எலி அன்றைக்கு ராத்திரியே சுரண்டி எடுத்துவிடும். ஒயிட் சிமெண்ட் இதற்கு ஆகவே ஆகாது. ஓட்டையில் உள்ள மண்ணையும் உதிர்ந்த பூச்சையும் முதலில் சுரண்டி எடுத்து, தண்ணீர் அடித்து நனையுங்கள். கால் இன்ச் கண் உள்ள ஜி.ஐ. மெஷ்ஷை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலையைச் சுருட்டி உள்ளே இறுக்குங்கள். அதன்மேல் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கலவையில் சின்ன ஜல்லி கலந்து திணித்துப் பூசுங்கள். மேலே ஒரு தகடோ செங்கலோ சாத்திவிட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் காட்டுங்கள். கோழிக்கூண்டு வலை வாங்காதீர்கள், அதன் கண்ணில் சுண்டெலி சுலபமாகப் புகும்.

பழைய கொத்தனார்கள் உடைந்த கண்ணாடியைக் கலவையில் போடுவார்கள். பலன் உண்டு. ஆனால் பத்து வருஷம் கழித்து அந்த இடத்தில் குழாய் மாற்ற வருகிறவர் கை கிழிந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் கண்ணாடி போடுவதை விட்டுவிட்டேன். குழாயைச் சுற்றியுள்ள சின்ன இடைவெளிக்கு, பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரைத் திணித்து மேலே எம்-சீல் அப்பினால் போதும். சாதா இரும்பு நார் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

ஸ்ப்ரே ஃபோம்

காற்றை நிறுத்தும். எலியை நிறுத்தாது.

துணி, தெர்மாகோல், பிளாஸ்டிக் கொசுவலை

வேண்டாம். துணியை எடுத்துக்கொண்டு போய்க் கூடு கட்டிக்கொள்ளும்.

தரையோடு நின்றுவிடுவது

வீட்டில் வரும் கறுப்பெலி நன்றாக ஏறும். முருங்கைக் கிளை, தென்னை மட்டை, கேபிள் ஒயர், மழைத்தண்ணீர்க் குழாய் எல்லாமே அதற்கு ஏணி. சுவரும் ஓடும் சேரும் இடம், எக்சாஸ்ட் ஃபேன் ஓட்டை, மொட்டைமாடிக் கதவு மூன்றையும் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். கிளைகளைக் கூரையிலிருந்து நாலு அடி தள்ளி வெட்டிவிடுங்கள்.

பெருச்சாளி ஏறாது, தோண்டும். அது வரும் வீட்டில் சுவரின் அடித்தளத்தை ஒட்டி ஒன்றரை அடி ஆழம் பள்ளம் எடுத்து, மெஷ் இறக்கி மண் மூட வேண்டியிருக்கும். பாத்ரூமில் தண்ணீர் போகும் வழியின் மேலுள்ள ஜாலி மூடியும் ஆடாமல் ஸ்க்ரூ போட்டு இருக்க வேண்டும், எலி நன்றாக நீந்தும்.

காற்றுவழியையும் சேர்த்து அடைப்பது

இது ஆபத்து. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையை ஒட்டி விட்டிருக்கும் காற்றுத் துவாரத்தைச் சிமெண்ட் வைத்து மூடாதீர்கள், மெஷ் அடியுங்கள். செப்டிக் டேங்க் காற்றுக் குழாய்க்கும் அப்படித்தான்.

மூஞ்சூறை எலி என்று நினைப்பது

நீண்ட மூக்கு, சின்னக் கண், கடுமையான வாடை. அது கரப்பானையும் பூச்சியையும் தின்கிற பிராணி, சுவரைக் கடித்து ஓட்டை போடாது. கதவுக்கு அடியில் தகடு அடித்தால் போதும்.

எச்சத்தை விளக்குமாற்றால் பெருக்குவது

காய்ந்த தூசி மூக்கில் ஏறும். எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், வெட்டுக்காயம் வழியாக உடம்பில் இறங்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துணியால் துடைத்து எடுங்கள்.

அந்தத் தம்பி வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே போனேன். சமையலறைச் சுவரில் அவர் போட்ட கலவை நன்றாக இறுகியிருந்தது, உடைக்க மனசு வரவில்லை என்றார். நான்தான் உடைத்தேன். கூண்டில் மூன்று நாளில் இரண்டு எலி விழுந்தது. பரணில் குட்டி எதுவும் இல்லை, அட்டைப்பெட்டிகளை எல்லாம் இறக்கிப் பார்த்துவிட்டோம். பேப்பர் உருண்டை வைத்து நேற்றோடு இரண்டு ராத்திரி ஆகிறது, அசையவில்லை. இன்னும் ஒரு ராத்திரி பார்த்துவிட்டு நாளைக்குக் கலவை போடுகிறோம். மெஷ் வெட்டி வைத்தாயிற்று.