பழைய மினிடிவி (MiniDV) டேப்பைக் கணினியில் ஏற்றும் முன்

பல வருடமாகக் கிடந்த கேம்கார்டரை எடுத்ததும், அதில் பயன்படும் சிறிய டிஜிட்டல் வீடியோ கேசட்டான மினிடிவி டேப்பைப் போட்டு ப்ளே அழுத்திவிடாதீர்கள். அசையாமல் இருந்த சுருளில் இறுக்கம் சீராக இருக்காது. முதலில் ஃபாஸ்ட் ஃபார்வர்டில் கடைசிவரை ஓடவிட்டு, திரும்பச் சுற்றி, பிறகு பாருங்கள்.

படம் சதுரம் சதுரமாகச் சிதறினால் பெரும்பாலும் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்குதான். உலர் க்ளீனிங் கேசட்டை 10 வினாடி மட்டும் ஓட்டுங்கள். அது உரசித்தான் துடைக்கிறது; அதிகமானால் ஹெட்டே தேயும்.

கணினிக்கு மாற்ற ஃபயர்வயர் (டிஜிட்டல் வீடியோவை அனுப்பும் ஒரு வகை இணைப்பு) கேபிள்தான் சரி. பல மாடல்களில் யுஎஸ்பி வழியே புகைப்படமும் மங்கலான வீடியோவும்தான் வரும். ஃபயர்வயரில் டேப்பில் உள்ள தரவு அப்படியே இறங்கும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். கேமராவை அணைத்துவிட்டே கேபிளைச் செருகுங்கள். கேபிளின் 4 பின் (pin) முனையைத் தலைகீழாக வைத்து அழுத்தினால் போர்ட் போய்விடும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

வேகமான அசைவில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது இன்டர்லேஸ்: ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு பாதியாக, அடுத்தடுத்த கணங்களில் பதிவாகியிருக்கும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டும் டீஇன்டர்லேஸ் (அந்தப் பாதிகளை முழு ஃபிரேம்களாக்குவது) செய்யுங்கள். பிஏஎல் (PAL, இந்தியாவில் பயன்பட்ட வீடியோ முறை) டேப் என்றால் நொடிக்கு 50 ஃபிரேம் வைத்தால்தான் அந்தக் கால வீடியோவின் வழுக்கிச் செல்லும் ஓட்டம் கிடைக்கும். 25 ஆக்கினால் பாதி அசைவு போய்விடும்.