மைதானத்துப் பிள்ளைகளுக்கு உணவைப் பற்றி என்ன தெரியும் என்று கண்டறிவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை அணியையோ கிராமத்து விளையாட்டுக் கழகத்தையோ பயிற்றுவிப்பவர், பிள்ளைகளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அறியாமல் "நல்லாய்ச் சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிடுவதால் பயன் இல்லை. பெண்பிள்ளைகள் அடுப்படியில் நிற்பவர்கள், ஆகவே அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்ற எண்ணமும், ஆண்பிள்ளைகளுக்கு எதைத் தின்றாலும் செமித்துவிடும் என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றன. உணவைப் பற்றிய அறிவை அளக்க வெளிநாடுகளில் விளையாட்டு வீரர்களிடையே நடந்த ஆய்வுகள் சிலவற்றில் பெண்கள் சற்றுக் கூடுதலான புள்ளி பெற்றிருக்கிறார்கள். வேறு சிலவற்றில் வேறுபாடே தென்படவில்லை. ஆகவே உங்கள் அணியின் நிலையை நீங்களேதான் கேட்டறிய வேண்டும்.

பதினைந்து கூற்றுகள் கொண்ட ஒரு தாள் போதும். ஒவ்வொன்றுக்கும் சரி, பிழை, தெரியாது என்ற மூன்று விடைகளைக் கொடுங்கள். "தெரியாது" இல்லாவிட்டால் பிள்ளைகள் ஊகித்து எழுதுவார்கள், அந்த ஊகமும் அறிவாகக் கணக்கில் சேர்ந்துவிடும். பெயர் வேண்டாம். வயது, பால், விளையாட்டு, எத்தனை ஆண்டுப் பயிற்சி என்பவற்றோடு, சாதாரண தரத்துக்கு மனைப்பொருளியலோ சுகாதாரமும் உடற்கல்வியுமோ படித்தாரா என்பதையும் கேளுங்கள். மனைப்பொருளியலைப் பெரும்பாலும் பெண்பிள்ளைகளே தெரிவு செய்வதால், பால் வேறுபாடாகத் தோன்றுவது உண்மையில் பாட வேறுபாடாக இருக்கக்கூடும்.

கூற்றுகள் நம் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து எழ வேண்டும். "சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும்" என்பது சரி. "பயிற்சியின் நடுவே தண்ணீர் குடிக்கக் கூடாது" என்பது பிழை. "கடும் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிடாய் சில மாதங்கள் நின்றுபோவது இயல்பு, கவலைப்படத் தேவையில்லை" என்பதும் பிழை. இந்தக் கடைசிக் கூற்றை ஆண்பிள்ளைகளின் தாளிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நாளைக்கு ஒரு பெண்கள் அணியைப் பயிற்றுவிக்கப்போகிறவர் அவர்களுள் ஒருவராக இருக்கலாம்.

விடைகளை எண்ணும்போது மொத்தப் புள்ளியைவிட, எந்தக் கூற்றில் யார் தவறினார்கள் என்பதையே பாருங்கள். பன்னிரண்டு பெண்களும் பதினெட்டு ஆண்களும் உள்ள அணியில் சராசரி ஒரு புள்ளி வேறுபட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

தாளின் பின்பக்கத்தில், நேற்று எழுந்தது முதல் படுக்கும் வரை உண்டதையும் குடித்ததையும் எழுதச் சொல்லுங்கள். முன்பக்கத்தைவிட எனக்கு இந்தப் பக்கமே முக்கியமானது. இரும்புச்சத்துக் கூற்றுகள் அனைத்துக்கும் சரியாக விடையளித்திருந்த ஒரு வலைப்பந்து வீராங்கனையின் பின்பக்கத்தில் காலையில் பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும், பயிற்சிக்கு முன் ஒரு பணிஸ், ரியூசன் முடிந்து வந்து மூன்று இடியப்பமும் சொதியும் என்றிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எதிரே ஒரு கோடு மட்டுமே. அவளுக்கு அறிவு குறைவில்லை. குறைந்தது கோப்பையில் விழுந்த சாப்பாடு. மீன்குழம்பின் நடுத்துண்டு தகப்பனுக்கும் தமையனுக்கும் போய், தலையும் வாலும் மகளுக்கு மிஞ்சுகின்ற வீடுகள் இன்றும் இருக்கின்றன.

கற்பிக்கும்போது பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்திலிருந்து தொடங்குங்கள். அமெரிக்கப் பரிந்துரையின்படி 14 முதல் 18 வயது வரையான பெண்ணுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்புச்சத்தும், அதே வயது ஆணுக்கு 11 மில்லிகிராமும் தேவை. மாதவிடாயில் இழக்கும் குருதி இதற்கு ஒரு முக்கிய காரணம். மீனும் இறைச்சியும் தரும் இரும்பு எளிதில் உறிஞ்சப்படும். முருங்கையிலை வறை, பயறு, கடலை ஆகியவற்றின் இரும்பு அவ்வளவு எளிதில் சேராது என்பதால், அவற்றோடு தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிட்டு, தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்காத வீடுகளில் இந்தப் பழக்கம் இன்னும் அவசியமாகிறது. மாதவிடாய் மூன்று மாதம் வராமலிருந்தால் பிள்ளையை வைத்தியரிடம் அனுப்புங்கள். செலவிடும் சக்திக்கு ஈடாக உண்ணாவிட்டால் மாதவிடாய், எலும்பு, நோயெதிர்ப்பு எல்லாமே பாதிக்கப்படும் என்று விளக்கிய சர்வதேச ஒலிம்பிக் குழுவின் 2014ஆம் ஆண்டுக் கூட்டறிக்கை, இந்த நிலை ஆண்களுக்கும் ஏற்படும் என்று தெளிவாகக் கூறியது. "மெலிந்தால் வேகமாக ஓடலாம்" என்று சொல்லி இராச்சாப்பாட்டை நிறுத்துகின்ற பயிற்றுநர்களைக் கண்டு நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

ஆண்பிள்ளைகளிடம் பெரும்பாலும் கடையில் விற்கும் புரத மாவு ரின்னைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் இருக்கிறது. முட்டை, மீன், பருப்பு, அவித்த கடலை, பால் என்று கணக்கிட்டுக் காட்டினால், ரின்னுக்குச் செலவிட இருந்த காசு சந்தைக்குப் போகும்.

மூன்று மாதம் கழித்து அதே தாளைத் திரும்பக் கொடுத்து, பின்பக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இடையில் ஒரு பெற்றோர் கூட்டம் வையுங்கள். அதற்குத் தாயை மட்டும் அழைக்காமல் தகப்பனையும் அழையுங்கள். நடுத்துண்டைப் பற்றிய பேச்சு அவர் இருக்கும்போது நடக்கட்டும்.