பூச்சியம் எங்கே நிற்கிறது? அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்புச் சந்தையில் மீன் நிறுப்பவருக்கும் கல்முனையில் வேணியர் இடுக்கியை (சிறு நீளங்களை நுட்பமாக அளக்கும் தாடையுள்ள கருவியை) கையில் எடுக்கும் உயர்தரப் பிள்ளைக்கும் பிழை வருகிற இடம் ஒன்றுதான். பூச்சியம் எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை என்ற பாடம் எண்ணுவதற்குச் சரி. அளவையில் அது தொடங்குமிடம்.

இலத்திரனியல் தராசுகளில் பெரும்பாலானவை, ஆளியைப் போடும் நேரத்தில் தட்டில் இருப்பதையே பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். 380 கிராம் பேசின் தட்டில் இருக்கும்போது தராசைப் போட்டுவிட்டு, பிறகு பேசினை எடுத்து மீனை நேரே வைத்தால் 380 கிராம் குறைத்துக் காட்டும். நட்டம் விற்பவருக்கு. வெறும் தட்டில் பூச்சியமாக்கிப் பேசினோடு நிறுத்தால், 1 கிலோ காட்டும்போது மீன் 620 கிராம்தான். நட்டம் வாங்குபவருக்கு. பாத்திரத்தை வைத்து, பூச்சியமாக்கி, 0.000 வந்த பிறகே பொருளைப் போடுங்கள். பாத்திரம் மாறினால் மறுபடி பூச்சியமாக்க வேண்டும். தட்டில் ஐஸ் தண்ணீர் தேங்கினால் துடைத்துவிட்டும் அப்படியே செய்யுங்கள். நெல் மூட்டைக்குச் சாக்கைக் கழிப்பதும் இதே கணக்குத்தான். குத்துமதிப்பாகக் கழிக்காமல் 10 வெற்றுச் சாக்குகளை ஒன்றாக நிறுத்து 10 ஆல் வகுத்தால் ஒரு சாக்கின் நிறை கிடைக்கும்.

அடிமட்டத்தின் ஓரம் பூச்சியமல்ல. பலவற்றில் 0 கோடு சில மில்லிமீற்றர் உள்ளே இருக்கும். முனை தேய்ந்திருந்தால் 10 சென்ரிமீற்றர் கோட்டிலிருந்து அளந்து, வாசிப்பில் 10 ஐக் கழியுங்கள். இரும்பு டேப்பின் கொக்கி ஆடுகிறதென்று அதை அடித்து இறுக்கவே கூடாது. அந்த ஆட்டம் கொக்கியின் தடிப்பளவுதான். பலகையில் மாட்டி இழுத்தாலும் சுவரில் முட்டவைத்தாலும் பூச்சியம் பிசகாமல் இருப்பதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது.

வேணியர் இடுக்கியில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது பூச்சிய வழுவில், அதாவது தாடைகள் மூடியிருக்கும்போதே கருவி காட்டும் பிழையில். முதலில் தாடைகளை மூடுங்கள். இழிவெண்ணிக்கை (கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.1 மில்லிமீற்றர் என்று வைப்போம். வேணியரின், அதாவது நகரும் சிறு அளவிடையின், 0 பிரதான அளவிடையின் 0 க்கு வலப்பக்கம் நின்று, 3 ஆம் பிரிவு பொருந்தினால் வழு +0.3, வாசிப்பிலிருந்து கழிக்க வேண்டும். இடப்பக்கம் நின்று 7 ஆம் பிரிவு பொருந்தினால் பலர் −0.7 என்று எழுதிவிடுகிறார்கள். வேணியர் எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் எண்ணும். அதன் 0 இருப்பது −1 மில்லிமீற்றர் கோட்டுக்கு 0.7 வலப்பக்கத்தில். −1 + 0.7 = −0.3. ஆகவே வாசிப்போடு 0.3 ஐக் கூட்ட வேண்டும். "10 இலிருந்து கழி" என்று பாடமாக்குவதைவிட இந்தக் காரணத்தை விளங்கிக்கொள்வது நல்லது. 20 பிரிவுள்ள வேணியர் வந்தாலும் பிள்ளை குழம்பாது.

துரிசின் (தண்ணீர் திறந்துவிடும் மதகின்) அடித்தளத்திலிருந்து நீர்மட்டம் அளக்கும் குளத்தில் 0 அடி என்றால் குளம் வற்றிவிட்டது என்று பொருளல்ல. துரிசால் வெளியேற முடியாத தண்ணீர் அதற்குக் கீழே கிடக்கும். வெப்பநிலையும் அப்படியே. 0 பாகை செல்சியஸ் என்பது வெப்பமே இல்லாத நிலையல்ல, தண்ணீர் உறையும் நிலை. அதனால் 30 பாகை 15 பாகையைப்போல் இரண்டு மடங்கு சூடு என்பது பிழை. கெல்வினில் அவை 303.15, 288.15, வித்தியாசம் ஏறத்தாழ 5 சதவீதம்தான்.

மழைமானிப் பதிவில் 0 வேறு, வெற்றிடம் வேறு. ஐந்து நாளில் 12, 0, பதிவில்லை, 8, 20 மில்லிமீற்றர் என்று வைப்போம். பதியாத நாளை 0 ஆக்கினால் சராசரி 8. பதிந்த நான்கு நாளுக்கு மட்டும் பார்த்தால் 10. மாரிமழைக் காலத்தில் பதியத் தவறிய நாளே பெருமழை நாளாகவும் இருக்கலாம்.

பூச்சியம் ஓர் எண்ணா என்றால், ஐயமில்லை: முழுவெண், இரட்டை எண். இயற்கை எண்களில் சேருமா என்பது நூலுக்கு நூல் மாறும். வினாத்தாளில் உள்ள வரைவிலக்கணத்தைப் பின்பற்றுங்கள். பழைய தமிழ் இலக்கத்தில் 205 ஐ ௨௱௫ என்று எழுதினார்கள். பத்துக்கும் நூறுக்கும் தனிக்குறி இருந்ததால் இடம் நிரப்பப் பூச்சியம் தேவைப்படவில்லை. கி.பி. 628 இல் பூச்சியத்துக்கு விதிகள் எழுதிய இந்தியக் கணித அறிஞர் பிரமகுப்தரே 0 ÷ 0 = 0 என்றார்; இன்று அதை ஏற்பதில்லை, பூச்சியத்தால் வகுத்தல் வரையறுக்கப்படவில்லை.

எழுதும்போதும் கவனம் வேண்டும். பரிசோதனை அறையில் 2.50 சென்ரிமீற்றரை 2.5 என்று சுருக்கினால் அளவின் நுட்பம் போய்விடும். மருந்தளவில் விதி நேர்மாறு. .5 என்று எழுதினால் புள்ளி தெரியாமல் 5 ஆகும், 5.0 என்று எழுதினால் 50 ஆகும். அங்கே 0.5 என்றும் 5 என்றும் மட்டுமே எழுதுங்கள்.