‘ஃபீட்பேக்ஸ்’ வேண்டாம்

‘ப்ளீஸ் கிவ் யுவர் ஃபீட்பேக்ஸ்.’ நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களின் மின்னஞ்சலில்கூட இந்த ‘ஸ்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழ்ப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். தகவல்கள், அறிவுரைகள், பின்னூட்டங்கள் எல்லாம் நமக்குச் சரி. ஆங்கிலத்திலோ இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபீட்பேக் மூன்றுக்கும் பன்மை கிடையாது. ‘எ ஃபீட்பேக்’ என்று ஒருமையாக எண்ணுவதும் தவறு. ‘சம் ஃபீட்பேக்’ போதும். எண்ணிக்கை முக்கியமென்றால் ‘கமென்ட்ஸ்’ என்று சொல்லையே மாற்றிவிடலாம்.

பெயர்ச்சொல்லாக வரும்போது ‘ஃபீட்பேக்’ ஒரே சொல், இடைவெளி வேண்டாம். வினையாக வந்தால் ‘ஃபீட் பேக்’ என்று பிரியும், இறந்தகாலம் ‘ஃபெட் பேக்’.

இலக்கணத்தைவிடப் பொருளில் நடக்கும் தவறுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. யார் என்ன கருத்துச் சொன்னாலும் ‘ஃபீட்பேக்’ என்று எழுதிவிடுகிறோம். இந்தச் சொல் மின்னணுவியலிலிருந்து வந்தது. ஒரு கருவியிலிருந்து வெளியே வருவதில் ஒரு பகுதியைத் திரும்ப அதற்கே ஊட்டுவதுதான் ஃபீட்பேக். ‘பின்னூட்டம்’ என்பதில் உள்ள ‘பின்’னும் ‘பிறகு’ அல்ல, ‘திரும்ப’. ஸ்பீக்கருக்கு எதிரே மைக்கை நீட்டினால் வீலென்று கத்துமே, அது இதனால்தான். ஆகவே நீங்கள் ஏற்கெனவே செய்த ஒன்றைப் பற்றி, அதைத் திருத்திக்கொள்ள உதவும்படி உங்களிடமே திரும்பி வருவதுதான் ஃபீட்பேக். வேலையைத் தொடங்கும் முன்பே யோசனை கேட்கிறீர்களா? அதற்கு ‘சஜெஷன்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்று எழுதுங்கள்.

அப்புறம் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’. பேச்சு வழக்கில் ஒன்று பாராட்டு, மற்றொன்று குறை. பொறியியலில் அப்படியில்லை. 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக், தொலைபேசிப் பெருக்கிகளில் (ஆம்ப்ளிஃபையர்) ஒலி சிதைவதைக் குறைக்கக் கண்டுபிடித்த வழி நெகட்டிவ் ஃபீட்பேக். மாற்றத்தை அடக்கி நிலைப்படுத்துவது அது. பாசிட்டிவ் ஃபீட்பேக் மாற்றத்தை மேலும் பெருக்கும். மைக்கின் அலறல் இந்த வகை.

துருவப் பனி உருகினால் கருமையான கடல்பரப்பு வெளிப்பட்டு, கூடுதல் வெப்பத்தை உறிஞ்சி, இன்னும் பனியை உருக்குகிறது. காலநிலை அறிவியலில் இதற்குப் பெயர் பாசிட்டிவ் ஃபீட்பேக். இதை ‘நல்ல பின்னூட்டம்’ என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். ‘நேர்ப் பின்னூட்டம்’ என்பதே சரி. முதல் முறை வரும்போது ‘தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் விளைவு’ என்று ஒரு விளக்கமும் சேர்த்துவிடுங்கள்.