கோபோல்ட் தலைவனைப் பயில்வான் ஆக்காதீர்கள்

போன ஞாயிறு காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்கார்ந்தார்கள். ஒருத்தர் கதை நடத்த, மற்றவர்கள் வீரர்களாகப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. கதை நடத்தியது ஒரு காலேஜ் தம்பி. அவனுக்கு அது முதல் தடவை. புளியங்கொட்டை ஒவ்வொன்றும் ஒரு கோபோல்ட், அதாவது பல்லி மாதிரி ஒரு குட்டி அரக்கன்; நடுவில் இருந்த சோழி அவற்றின் கொடுங்கோல் தலைவன். "அண்ணே, இவனுக்கு 120 ஹிட் பாயிண்ட்!" என்றான் பெருமையாக. எவ்வளவு அடி தாங்குவான் என்ற உயிர்க்கணக்கு அது. எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. கோபோல்ட் தலைவனை வைத்துக் கதை நடத்தும்போது செய்யக்கூடாத தப்புகள் இவை.

உயிரை ஏற்றிவிட்டுத் தனியே நிறுத்துவது

2014 விதிநூலில் சாதாரண கோபோல்டுக்கு 5 ஹிட் பாயிண்ட், வலு 7. சராசரி மனிதனுக்கே வலு 10. அதன் பிழைப்பெல்லாம் பேக் டாக்டிக்ஸில்தான்: எதிரிக்கு ஐந்தடிக்குள் கூட்டாளி ஒருத்தன் நின்றால், தாக்கும்போது டி20 என்ற இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம்.

என் முதல் தலைவனுக்கு நான் 90 கொடுத்தேன். அடியாட்களை எல்லாம் வாசலிலேயே சாகவிட்டு, அவனை மட்டும் சிம்மாசனத்தில் உட்கார வைத்தேன். நாலு பேரும் சுற்றி நின்று ஒரு மணி நேரம் அடித்தார்கள். துணைக்கு ஆள் இல்லாததால் அவன் வீசியதெல்லாம் வீண். நடுவில் ஒருத்தன் எழுந்து அடுப்படிக்குப் பணியாரம் எடுக்கப் போய்விட்டான். தலைவனைப் பற்றி மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். செத்த பிறகு அவன் பேரைக்கூட ஒருத்தரும் கேட்கவில்லை.

கொடுமை அவன் உடம்பில் இல்லை, குடிகளிடம் தெரிய வேண்டும். இப்போதெல்லாம் அவன் வருவதற்கு முன்பே இரண்டு அடையாளங்களைக் காட்டிவிடுகிறேன். கோபோல்ட்கள் தூங்கும் அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கும். பிடிபட்ட ஒருத்தன், கயிற்றை அவிழ்த்துவிட்டாலும் ஓட மாட்டான். "திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க சாமி" என்று காலைக் கட்டிக்கொள்வான்.

சண்டையிலும் அப்படித்தான். தலைவனுக்கு 27 போதும். அடி விழும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவனை இழுத்து முன்னால் தள்ளுவான். அந்தக் குடிகளைப் பேசி விலக வைத்தால் பேக் டாக்டிக்ஸும் கூடவே போய்விடும்; வாள் எடுக்காமலே அவனை வீழ்த்த அது ஒரு வழி. ஒரு தடவை ஆட்டக்காரர்கள் அதைச் செய்தார்கள். புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக நானே நகர்த்தினேன். கடைசியில் சோழி மட்டும் நின்றது. அன்றைக்குப் பணியாரம் ஆறிப்போனது.

கல்யாணக் கொட்டகை அளவுக்கு மண்டபம்

கோபோல்ட் குள்ளம். வளையைக் குறுக்குங்கள், வீரர்கள் குனிந்து வரட்டும். 1987-இல் இந்த ஆட்டத்துக்கான டிராகன் இதழின் தலையங்கத்தில் ரோஜர் மூர் சொன்ன, டக்கர் என்பவர் நடத்திய ஆட்டத்தில் வந்த கோபோல்ட்கள், குறுகிய வழி, நெருப்பு, பின்னால் பூட்டப்படும் கதவு, இவற்றை வைத்தே பலசாலி வீரர்களை ஓட ஓட விரட்டியவை.

வெயில்

நேர் வெயிலில் கோபோல்ட் தாக்கும்போது இரண்டு முறை உருட்டிச் சின்னதைத்தான் எடுக்க வேண்டும். பேக் டாக்டிக்ஸும் அதுவும் ஒன்றையொன்று அடித்துவிடும். எங்கள் ஊர் மதிய வெயிலில் ஊர்வலம் போகும் கோபோல்ட் ராஜாவை யாரும் எழுதாதீர்கள்.

நீண்ட வசனம்

வேண்டாம். இரண்டாவது வரியிலேயே அம்பு வரும்.

சாக்பீஸ்

காய் நகர்த்தக் கட்டம் வேண்டுமா? வீட்டுத் தரையில் ஆத்தங்குடி கல்லே கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது. அதன் மேல் வேறு கட்டம் கிறுக்கிவிட்டு, அப்பத்தா எழுந்து வருவதற்குள் ஈரத்துணியோடு ஓடாதீர்கள்.