ஒரே இட்டேரி, ஒரே வெள்வேல்: நீர்வண்ணத்தில் இயற்கையை வரையத் தொடங்குவது எப்படி?

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் போனால் கொரங்காடுகளை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடுகளைப் பார்க்கலாம். சுற்றிலும் முள்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். அங்கங்கே தலை பரந்த வெள்வேல் மரம், அதன் நிழலில் மயிலை மாடுகள். மண், மரம், வானம், வேலி என்று வரையப் பழகுகிறவருக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனாலும் புதிதாகப் பிரஷ் பிடிப்பவர்கள் பலர் யூடியூபில் பார்த்த பனிமலையையும் பைன் மரத்தையும்தான் முதலில் வரைகிறார்கள். நேரில் பார்க்காத மரத்தை வரைந்தால், அடுத்தவர் போட்ட கோட்டைத்தான் நாமும் போடுவோம். அதனால் இந்தப் பாடத்தை இட்டேரியிலிருந்து, அதாவது இரண்டு பக்கமும் வேலி உள்ள காட்டுப் பாதையிலிருந்து தொடங்குகிறேன்.

இதிலுள்ள அடிப்படை முறை ஓவியர் டேவிட் ஹாக்னியுடையது. 1937-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸின் நீச்சல் குளங்களை வரைந்து உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர். பிற்காலத்தில் சொந்தப் பகுதியான யார்க்‌ஷயருக்குத் திரும்பி வந்து, பிரிட்லிங்டன் ஊரில் தங்கி, பக்கத்திலிருக்கும் வோல்ட்கேட் என்ற கிராமத்துப் பாதையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அதே வளைவு, அதே மரங்கள். பருவம் மட்டும் மாறும். அவற்றில் ஒரு படத்தின் தலைப்பே 'வோல்ட்கேட் காடு, 24, 25, 26 அக்டோபர் 2006' என்பதுதான். 2011-ல் அதே பாதையில் வசந்தம் வருவதை 32 கேன்வாஸ் சேர்ந்த ஒரு எண்ணெய் ஓவியமாகவும் 51 ஐபேட் படங்களாகவும் வரைந்தார். மறுஆண்டு லண்டன் ராயல் அகாடமியில் அவை காட்சிக்கு வந்தன. புதிய இடம் தேடி அலையாமல் ஒரே இடத்துக்குத் திரும்பப் போனதால்தான் அவருக்கு அத்தனை படம் கிடைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கற்றுக்கொள்பவருக்கும் அதுவே நல்ல வழி.

இடம் பிடிப்பது

வீட்டிலிருந்து நடந்தோ வண்டியிலோ சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய ஒரு இட்டேரியைத் தேர்ந்தெடுங்கள். அழகைவிடத் தூரம் முக்கியம். எட்டத்தில் இருந்தால் இரண்டாவது முறை போகமாட்டீர்கள். தனியாக நிற்கும் ஒரு வெள்வேல் கண்ணில் பட்டால் அதுவே போதும். கொரங்காட்டுக்குள் போவதானால் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்: "ஏனுங்க, இங்க உக்காந்து ஒரு படம் வரஞ்சுக்கட்டுங்களா?" மறுப்பவர்கள் குறைவு. போகும்போதும் வரும்போதும் கடவை (வேலியின் வாசலை) மூடிவிட வேண்டும், மாடு வெளியே போய்விடும். வெள்வேல் முள் மெல்லிய செருப்பைத் துளைக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

காலை 7 முதல் 9 வரை அல்லது மாலை 4-க்கு மேல் போங்கள். உச்சிவெயிலில் நிழல் மரத்தடியிலேயே ஒடுங்கிவிடும், உருவம் தட்டையாகத் தெரியும்.

வாங்க வேண்டியவை

300 ஜி.எஸ்.எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) நீர்வண்ணத் தாள், ஏ4 அளவு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்துவிடும். ரவுண்டு பிரஷ் இரண்டு, 12-ஆம் எண்ணும் 6-ஆம் எண்ணும். வண்ணம் ஐந்து போதும்: அல்ட்ராமரைன் நீலம், காம்போஜ் மஞ்சள், எல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), க்ரிம்சன் (அடர்சிவப்பு). பச்சை டியூப் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அட்டை, கிளிப், இரண்டு டப்பா தண்ணீர், பழைய பருத்தித் துணி, ஒரு பென்சில்.

முதலில் பார்ப்பது

பெட்டியைத் திறக்காமல் பத்து நிமிடம் மரத்தைப் பாருங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இலையும் கிளையும் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று திட்டுகள்தான் மிஞ்சும். பெரும்பாலும் வானம் வெளிச்சமாகவும், மண்ணும் புல்லும் நடுத்தரமாகவும், மரத்தின் அடிப்பகுதி இருட்டாகவும் இருக்கும். இந்த மூன்றையும் தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் பென்சிலால் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று கட்டம் போட்டு, மரத்தை எங்கே வைத்தால் நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். நட்டநடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் இட்டேரி வளைந்து போக இடம் கிடைக்கும்.

வானம்

பெரிய தாளில் பென்சிலால் லேசாக எல்லைக்கோடு மட்டும் போடுங்கள். வானப் பகுதியைத் தண்ணீரால் நனைத்து, அல்ட்ராமரைனை மேலே அடர்த்தியாகவும் கீழே வர வர வெளிறியும் இழுத்துவிடுங்கள். மரம் வரும் இடத்திலும் இந்த நீலம் ஓடட்டும், கிளைச் சந்தில் வானம் தெரியுமே.

நம் பகுதிக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற வேகத்தில், நனைத்த தாள் வண்ணம் வைப்பதற்குள் காய்ந்துவிடும். அப்போது தாளின் பின்பக்கத்தையும் நன்றாக நனைத்து, ஒரு வழவழப்பான டைல்ஸ் துண்டின் மேல் படிய வையுங்கள். ஈரம் கூடுதல் நேரம் நிற்கும். நான்கு மூலையிலும் கிளிப் போடுங்கள்.

மரம்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். வெள்வேலின் இலை மிக நுண்ணியது, ஒவ்வொன்றாக வரைய முடியாது, வரையவும் கூடாது. தழையைத் திட்டுத் திட்டாகப் பாருங்கள். ஒவ்வொரு திட்டுக்கும் வெயில் படும் மேல்பக்கமும் நிழலான கீழ்ப்பக்கமும் உண்டு.

பச்சையை நீங்களே கலக்க வேண்டும். டியூப்பில் வரும் பச்சை நம் வறண்ட காட்டுக்குப் பொருந்தாத பளபளப்போடு இருக்கும். காம்போஜில் கொஞ்சம் அல்ட்ராமரைன் சேர்த்தால் அடங்கிய பச்சை வரும். அதில் துளி பர்ன்ட் சியன்னா விட்டால் வெயிலில் வாடிய வெள்வேல் பச்சை. நிழலுக்கு நீலத்தைக் கூட்டுங்கள். ஒரே கலவையை எல்லா இடத்திலும் பூசாமல், பிரஷை முக்கும் ஒவ்வொரு முறையும் விகிதம் சற்று மாறட்டும்.

வானம் முழுக்கக் காய்ந்த பிறகு 12-ஆம் பிரஷைத் துணியில் ஒற்றி ஈரம் குறைத்து, தாளோடு படுக்கவைத்து இழுங்கள். சொரசொரப்பான தாளில் வண்ணம் மேட்டில் மட்டும் ஒட்டிப் பள்ளத்தை விட்டுவிடும். தழையின் ஓரம் தானாக உதிரியாகத் தெரியும். நடுவில் ஈரமான பிரஷால் நிரப்புங்கள். வானம் தெரிய அங்கங்கே ஓட்டை விடுங்கள். அந்த ஓட்டை இல்லாவிட்டால் மரத்துக்குக் காற்றோட்டமே இருக்காது.

அடிமரத்துக்கு வயதைக் கவனியுங்கள். இளமரத்தின் பட்டை வெளிறிய மஞ்சள் கலந்த வெள்ளை, அதற்குத் தண்ணீர் மிகுந்த எல்லோ ஆக்கர் போதும். முற்றிய மரத்தில் பட்டை கறுத்து வெடித்திருக்கும். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சமமாகச் சேர்த்தால் அந்தக் கறுப்பு வரும். கிளைகளைக் கீழிருந்து மேலாக, தழைத் திட்டுகளுக்கு இடையே தெரியும் இடத்தில் மட்டும் விட்டுவிட்டு இழுங்கள்.

மண்ணும் நிழலும்

செம்மண்ணுக்குப் பர்ன்ட் சியன்னாவும் எல்லோ ஆக்கரும். காய்ந்த புல்லுக்கு ஆக்கரில் கொஞ்சம் காம்போஜ். நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். செம்மண் மேல் விழும் நிழல் ஊதா சேர்ந்த பழுப்பு. அல்ட்ராமரைனில் சிறிது க்ரிம்சனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து ஒரே இழுப்பில் வைத்துவிடுங்கள். திரும்பத் தேய்த்தால் கலங்கும்.

வேலிக்கு 6-ஆம் பிரஷின் நுனி. மாடு நின்றால் திமிலும் முதுகுக்கோடும் போதும், மயிலைக்கு நீலம் கலந்த சாம்பல், செவலைக் கன்றுக்குச் சியன்னா.

தேதி எழுதி, திரும்பப் போவது

படத்தின் மூலையில் தேதி, நேரம் எழுதுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் உட்காருங்கள். உட்கார்ந்த இடத்தை அடையாளம் வைக்க ஒரு கல்லைப் போட்டுவிட்டு வரலாம். சித்திரையில் கிளுவை இலை உதிர்த்து வெறும் குச்சியாக நிற்கும். புல் வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். மழைக்காலத்தை ஒட்டி வெள்வேல் வெளிர்மஞ்சளாகப் பூக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே புல்லுக்கு நீங்கள் கலக்கும் பச்சையே வேறு. ஆக்கர் குறைந்து காம்போஜ் ஏறும். போன மாதப் படத்தைக் கூடவே எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது மாறியிருக்கிறதோ அதை முதலில் வரையுங்கள்.

பெரிதாக்க ஆசை வந்தால்

ஹாக்னி 2007-ல் வார்ட்டர் ஊர்ப் பக்கத்து மரங்களை 50 கேன்வாஸ்களில் துண்டு துண்டாக வரைந்து, சேர்த்தால் 12 மீட்டர் அகலம் வரும் ஒரே படமாக்கினார். முழுப்படமும் எப்படி வருகிறது என்று பார்க்க ஒவ்வொரு துண்டையும் போட்டோ எடுத்துக் கணினியில் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். நாம் நான்கு ஏ4 தாளில் இதைச் செய்யலாம். தீப்பெட்டிக் கட்டத்தில் ஒரு குறுக்குக்கோடு, ஒரு நெடுக்குக்கோடு போட்டு நான்காக்குங்கள். ஒவ்வொரு பாகமும் ஒரு தாள். கிளையும் தொடுவானமும் எந்த இடத்தில் ஓரத்தைத் தொடுகின்றன என்று பக்கத்துத் தாளிலும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வானத்துக்கு வேண்டிய நீலத்தை நான்கு தாளுக்கும் சேர்த்து ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். நடுவில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது. காய்ந்தபின் டேப்பைப் பின்பக்கம் மட்டும் ஒட்டுங்கள், முன்பக்கம் ஒட்டி உரித்தால் தாளின் மேல்தோலும் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும்.